மாறிய நேரம் பதிவாகவில்லையா? ட்ரிக்கர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

டேட்டாபேஸ் டேபிளில் ஒரு வரிசை எப்போது மாறியது என்று தானாகக் குறித்துக்கொள்ள ட்ரிக்கர் (டேபிளில் மாற்றம் நடக்கும்போது டேட்டாபேஸ் தானே ஓட்டும் சிறு நிரல்) எழுதுவது பத்து வரி வேலை. எழுதிய அன்று அழகாக ஓடும். பல மாதம் கழித்து யாராவது "இந்த விலையை எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்கும்போதுதான், நடுவில் ஏதோ ஒரு நாள் பதிவு நின்றுபோனது தெரியவரும். ட்ரிக்கர் கெட்டால் பெரும்பாலும் எர்ரர் வராது. அப்டேட் ஓடும், பயனர் தன் வேலையைப் பார்ப்பார், நேரம் மட்டும் பழையதாகவே கிடக்கும். அதனால் ட்ரிக்கரின் கோடைப் படித்துப் பார்த்து "சரியாகத்தானே இருக்கிறது" என்று முடிவுக்கு வராதீர்கள். ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

இங்கே சொல்வது முதன்மையாகப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு. மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் ஆகிய மற்ற டேட்டாபேஸ்கள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே குறிப்பிடுகிறேன். பலரும் 'அப்டேட்டட் அட்' என்று பெயர் வைக்கும் புலத்தை இங்கே 'மாறிய நேரம்' என்கிறேன். அதை நிரப்ப ஒரு பிஃபோர் அப்டேட் ட்ரிக்கர் (வரிசை எழுதப்படும் முன் ஓடுவது) இருக்கும். பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் எழுதிவைக்கத் தனியாக ஓர் ஆடிட் டேபிளும், அதற்கென ஓர் ஆஃப்டர் ட்ரிக்கரும் (எழுதிய பின் ஓடுவது) இருக்கும். இதுதான் பெரும்பாலான இடங்களில் உள்ள அமைப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஒரு நிமிடச் சோதனை

பிகின் கொடுத்து ஒரு ட்ரான்ஸாக்ஷனை (மொத்தமாக ஏற்கவோ ரத்து செய்யவோ கூடிய கட்டளைத் தொகுப்பை) திறங்கள். ப்ரைமரி கீயை (வரிசையின் தனி அடையாளத்தை) குறிப்பிட்டு ஒரே ஒரு வரிசையை அப்டேட் செய்யுங்கள். ஏதாவது ஒரு புலத்தின் மதிப்பு உண்மையிலேயே மாற வேண்டும். அதே அப்டேட்டின் முடிவில் ரிட்டர்னிங் சேர்த்து, மாறிய நேரத்தையும் திருப்பிக் கேளுங்கள். ஆடிட் டேபிளில் புது வரிசை விழுந்ததா என்றும் பாருங்கள். பிறகு ரோல்பேக் கொடுத்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். லைவ் டேட்டாபேஸிலும் இதைச் செய்யலாம். ஆனால் ரோல்பேக் கொடுக்கும்வரை அந்த வரிசை பூட்டியே இருக்கும், அதனால் நடுவில் எழுந்து போகாதீர்கள்.

நேரம் பழையதாகவே வந்தால் முதல் அறிகுறிக்குப் போங்கள். அப்டேட் 0 வரிசை என்று சொன்னால் இரண்டாவது. இந்தச் சோதனை சரியாக ஓடியும் நிஜத்தில் சில மாற்றங்கள் மட்டும் பதிவாகவில்லை என்றால் மூன்றாவது. எர்ரர் வந்தால் ஏழாவது.

அறிகுறி 1: அப்டேட் ஓடுகிறது, நேரம் அப்படியே இருக்கிறது

*ட்ரிக்கர் அந்த டேபிளில் இருக்கிறதா?* கேட்க எளிமையான கேள்விதான், ஆனால் நான் பார்த்தவற்றில் அதிகமானவை இதில்தான் முடிந்தன. போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் டி, ஓர் இடைவெளி, டேபிளின் பெயர் கொடுங்கள். கீழே ட்ரிக்கர்களின் பட்டியல் வரும். அதில் இல்லையென்றால், சோதனை டேட்டாபேஸில் மட்டும் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓடியிருக்கலாம், அல்லது அதே பெயரில் வேறு ஸ்கீமாவில் (டேபிள்களின் தொகுப்பில்) உள்ள டேபிளில் ட்ரிக்கர் போய் உட்கார்ந்திருக்கலாம். டேபிளை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கிப் பெயர் மாற்றியவர்கள் ட்ரிக்கரைத் திரும்பப் போட மறந்திருப்பதும் உண்டு. டேபிள் போனால் ட்ரிக்கரும் கூடவே போய்விடும். ட்ரிக்கர் கூப்பிடும் ஃபங்ஷன் மட்டும் தங்கிவிடும், அதைப் பார்த்துவிட்டு எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

*முடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா?* அதே பட்டியலில் முடக்கப்பட்டவை தனித் தலைப்பின் கீழ் வரும். எல்லா டேபிள்களையும் ஒரே முறையில் பார்க்க, பிஜி ட்ரிக்கர் என்ற சிஸ்டம் டேபிளில் 'டிஜி எனேபிள்டு' புலத்தைப் பாருங்கள். 'ஓ' என்றால் வழக்கமாக ஓடும், 'டி' என்றால் முடக்கம், 'ஆர்' என்றால் ரெப்ளிகா (வேறு சர்வரிலிருந்து வரும் மாற்றங்களை எழுதும்) நிலையில் மட்டும், 'ஏ' என்றால் எப்போதும். ஒரு மொத்த வியாபாரக் கடையின் டேட்டாபேஸில் விலைப்பட்டியல் முழுவதையும் ஏற்றுவதற்காக ஒருவர் இரவில் ட்ரிக்கரை முடக்கினார். ஏற்றும் வேலை பாதியில் எர்ரராகி நின்றது. திரும்ப இயக்கும் வரி அந்த ஸ்கிரிப்டின் கடைசியில் இருந்ததால் ஓடவே இல்லை. பல வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். முடக்குவது, ஏற்றுவது, இயக்குவது மூன்றையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் வையுங்கள். போஸ்ட்கிரெஸில் ட்ரிக்கரை முடக்குவதும் ரோல்பேக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

*பிஃபோருக்குப் பதில் ஆஃப்டர் போட்டிருக்கிறதா?* ஆஃப்டர் ட்ரிக்கருக்குள் 'நியூ' (புதிய மதிப்புகள் கொண்ட) வரிசையில் நேரத்தை எழுதினால் எர்ரர் வராது, பலனும் இருக்காது. வரிசை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. நேரத்தை நிரப்பும் ட்ரிக்கர் 'பிஃபோர் அப்டேட், ஃபார் ஈச் ரோ' என்றுதான் இருக்க வேண்டும். ஃபார் ஈச் ரோ என்று எழுதாமல் விட்டால் ஸ்டேட்மென்ட் அளவில் (வரிசைக்கு ஒருமுறை அல்லாமல் கட்டளைக்கு ஒருமுறை ஓடுவதாக) உருவாகிவிடும். அதில் 'நியூ' என்பதே நல் (மதிப்பே இல்லாத நிலை) தான்.

*வென் நிபந்தனை தடுக்கிறதா?* ட்ரிக்கர் எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது வென். இது கொஞ்சம் நுணுக்கமானது. "பழைய நிலையும் புதிய நிலையும் சமமில்லை என்றால் மட்டும் ஓடு" என்று சமமில்லை குறியைப் போட்டு எழுதியிருப்பார்கள். இரண்டில் ஒன்று நல் என்றால் அந்த ஒப்பீட்டின் விடையும் நல். நல் என்பது உண்மை அல்ல, ஆகவே ட்ரிக்கர் ஓடாது. காலியாக இருந்த புலத்தை முதன்முறை நிரப்பும்போது பதிவாகவில்லை, அடுத்தடுத்த மாற்றங்கள் பதிவாகின்றன என்றால் நேராக இங்கே வாருங்கள். சமமில்லை குறியை எடுத்துவிட்டு 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' போடுங்கள்.

'அப்டேட் ஆஃப்' என்று புலங்களைப் பட்டியலிட்ட ட்ரிக்கரிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. அப்டேட் கட்டளையின் செட் பகுதியில் அந்தப் புலத்தின் பெயர் இருந்தால்தான் அது ஓடும். இன்னொரு பிஃபோர் ட்ரிக்கர் உள்ளே புகுந்து அந்தப் புலத்தை மாற்றினால் கணக்கில் வராது.

*வேறொரு ட்ரிக்கர் பின்னால் வந்து மாற்றுகிறதா?* ஒரே நிகழ்வுக்குப் பல பிஃபோர் ட்ரிக்கர்கள் இருந்தால், போஸ்ட்கிரெஸ் அவற்றைப் பெயரின் ஆங்கில அகர வரிசைப்படி ஓட்டும். எதை முதலில் உருவாக்கினோம் என்பதற்கு மதிப்பில்லை. மைஎஸ்க்யூஎல்லில் நேரெதிர்: உருவாக்கிய ஒழுங்கில் ஓடும், 5.7 முதல் 'ஃபாலோஸ்', 'ப்ரிசீட்ஸ்' என்று சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நேரத்தை நிரப்பும் ட்ரிக்கரின் பெயரை இசட் எழுத்தில் தொடங்கி வைப்பது என் வழக்கம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் கடைசியில் ஓடும்.

*டேபிள் பார்ட்டிஷன் செய்யப்பட்டதா (மாத வாரியாக என்பதுபோல் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டதா)?* போஸ்ட்கிரெஸ் 13-க்கு முன்னால், பார்ட்டிஷன் செய்த தாய் டேபிளில் வரிசை அளவிலான பிஃபோர் ட்ரிக்கர் வைக்க முடியாது. ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். மாதம் பிறந்ததும் பதிவு நின்றுபோகிறது என்றால், புதிய மாதத்தின் பார்ட்டிஷனில் ட்ரிக்கர் இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

அறிகுறி 2: அப்டேட் 0 வரிசை என்கிறது, அல்லது 1 என்கிறது ஆனால் எதுவுமே மாறவில்லை

இப்போது சிக்கல் நேரத்தில் இல்லை, டேட்டாவே போய்ச் சேரவில்லை. வேறு வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள்.

ஃபங்ஷனின் ரிட்டர்ன் வரியைப் பாருங்கள். பிஃபோர் ட்ரிக்கர் நல் திருப்பினால் அந்த வரிசைக்கான அப்டேட் கைவிடப்படும், 0 என்று வரும். 'ஓல்டு' (பழைய மதிப்புகள் கொண்ட வரிசை) திருப்பினால் பழைய மதிப்புகளே திரும்ப எழுதப்படும், 1 என்று வரும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். 'ரிட்டர்ன் நியூ' என்று திருத்தினால் இரண்டும் சரியாகிவிடும்.

இதன் உடன்பிறப்பு: டெலீட் செய்தால் வரிசை போகமாட்டேன் என்கிறது. இன்செர்ட், அப்டேட், டெலீட் மூன்றுக்கும் ஒரே ஃபங்ஷனை பிஃபோர் ட்ரிக்கராக மாட்டி, முடிவில் ரிட்டர்ன் நியூ என்று எழுதியிருப்பார்கள். டெலீட்டில் நியூ நல், ஆகவே டெலீட் சத்தமில்லாமல் ரத்தாகும். எந்தச் செயல் நடக்கிறது என்று சொல்லும் 'டிஜி ஆப்' மாறியைப் பார்த்து, டெலீட் என்றால் ஓல்டு திருப்பச் சொல்லுங்கள். ஆடிட் எழுதுவதை ஆஃப்டர் ட்ரிக்கருக்கு மாற்றுவது இன்னும் நல்லது. அங்கே ரிட்டர்ன் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்:* இந்தத் தவறு பல நாள் லைவில் இருந்திருந்தால், எந்த அப்டேட்டுகள் தொலைந்தன என்று ஆப்பின் லாகையும் டேட்டாபேஸையும் ஒப்பிட்டுத் தேட வேண்டியிருக்கும். ட்ரிக்கரைத் திருத்துவதோடு விட்டுவிடாமல், அனுபவமுள்ள டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒருவரை உட்கார வைத்து அதைச் செய்யுங்கள்.

அறிகுறி 3: கையால் செய்தால் பதிவாகிறது, சில வழிகளில் வந்தால் மட்டும் பதிவாகவில்லை

எந்த வழியில் வந்த மாற்றம் என்று முதலில் பிரியுங்கள்.

ட்ரங்கேட் கட்டளையால் டேபிளை மொத்தமாகக் காலி செய்தார்களா? டெலீட்டுக்கு வைத்த ட்ரிக்கர் ட்ரங்கேட்டுக்கு ஓடாது. போஸ்ட்கிரெஸில் ட்ரங்கேட்டுக்கென்றே ஸ்டேட்மென்ட் அளவில் ட்ரிக்கர் வைக்கலாம். ஆனால் எந்தெந்த வரிசைகள் போயின என்பது அதில் கிடைக்காது. மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதியும் இல்லை. ஆடிட் தேவைப்படும் டேபிளில் ஆப்பின் யூசருக்கு ட்ரங்கேட் உரிமையே கொடுக்காமல் இருப்பதுதான் சரி.

ஃபாரின் கீ கேஸ்கேடில் (தாய் வரிசை நீங்கும்போது அதைச் சார்ந்தவையும் தானாக நீங்குவதில்) நீங்கிய வரிசைகளா? போஸ்ட்கிரெஸில் கேஸ்கேடும் ட்ரிக்கரை ஓட்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு எஞ்சினில் கேஸ்கேட் செயல்கள் ட்ரிக்கரை இயக்காது. ஆர்டரை நீக்கினால் அதன் பொருட்கள் கேஸ்கேடில் போகும், ஆடிட்டில் ஆர்டர் மட்டும் இருக்கும். அங்கே பொருட்களை ஆப் தானே முதலில் டெலீட் செய்து, பிறகு ஆர்டரை நீக்க வேண்டும்.

மொத்தமாக ஏற்றினார்களா? போஸ்ட்கிரெஸில் காப்பி கட்டளை இன்செர்ட் ட்ரிக்கர்களை ஓட்டும். எஸ்க்யூஎல் சர்வரின் பல்க் இன்செர்ட், 'ஃபயர் ட்ரிக்கர்ஸ்' என்று கேட்டாலொழிய ஓட்டாது.

ரெப்ளிகேஷன் (மாற்றங்களை வேறு டேட்டாபேஸுக்கு நகலெடுப்பது) வழியாகவா? போஸ்ட்கிரெஸின் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் வாங்கும் பக்கம் சாதாரண ட்ரிக்கர்கள் ஓடாது. இது கோளாறு இல்லை. அனுப்பும் பக்கத்தில் எழுதிய நேரம் அப்படியே வந்து சேர்கிறது, அதுதான் சரி. வாங்கும் பக்கத்தில் ட்ரிக்கரை 'எனேபிள் ஆல்வேஸ்' ஆக்கினால், மாறிய நேரத்துக்குப் பதில் வந்து சேர்ந்த நேரம் பதிவாகும். அதை வேண்டுமென்றே விரும்பினால் தவிர, செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: ஏதாவது ஸ்கிரிப்ட் 'செஷன் ரெப்ளிகேஷன் ரோல்' என்பதை ரெப்ளிகா என்று மாற்றுகிறதா? வேகத்துக்காக இதைச் செய்பவர்கள் உண்டு. ட்ரிக்கர்கள் மட்டுமல்ல, ஃபாரின் கீ சோதனையும் அந்தச் செஷனில் (இணைப்பில்) ஓடாது, ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் அதையும் உள்ளே ட்ரிக்கராகத்தான் வைத்திருக்கிறது. அப்படி ஏற்றிய டேட்டாவில் தாய் இல்லாத வரிசைகள் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் நூறு வரிசையை ஒரே அப்டேட்டில் மாற்றினால் ஒன்றுக்கு மட்டும் பதிவாகிறதா? அங்கே ட்ரிக்கர் வரிசைக்கு ஒருமுறை ஓடாது, கட்டளைக்கு ஒருமுறை ஓடும். மாறிய வரிசைகள் எல்லாம் 'இன்செர்டட்' என்ற தற்காலிக டேபிளில் இருக்கும். ஒரு மாறியில் ஒரே ஒரு ஐடியை எடுத்து எழுதிய ட்ரிக்கர்தான் காரணம். அந்த டேபிளோடு ஜாயின் செய்து எழுதுங்கள்.

அறிகுறி 4: நேரம் பதிவாகிறது, ஆனால் தப்பான நேரம்

*சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம்.* நம் ஊரில் இதைப் பார்க்காத டெவலப்பர் இருக்கமாட்டார். புலத்தின் வகையைப் பாருங்கள். டைம்ஸோன் இல்லாத டைம்ஸ்டாம்ப் என்றால், எழுதும் செஷனின் டைம்ஸோன் எதுவோ அந்த நேரம் பதிவாகும். ஆப் இந்திய நேரத்தில் இணைகிறது, இரவில் தானாக ஓடும் க்ரான் வேலை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இணைகிறது என்றால், ஒரே டேபிளில் இரண்டு கணக்கும் கலந்துவிடும். புதிய டேபிள் என்றால் டைம்ஸோனுடன் கூடிய டைம்ஸ்டாம்ப் வகையைப் போட்டுவிட்டு இந்தப் பகுதியை மறந்துவிடுங்கள். பழைய டேபிளில், எல்லா வரிசையும் ஒரே டைம்ஸோனில் எழுதப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வகையை மாற்றுங்கள். கலந்துவிட்ட டேபிளில் எது எந்தக் கணக்கு என்பதை அந்த நேரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எழுதியது யார் என்று ஆடிட்டில் இருந்தால் அதை வைத்துப் பிரிக்கலாம். பெரிய டேபிளில் வகை மாற்றம் பெரும்பாலும் முழு டேபிளையும் திரும்ப எழுதும், அதுவரை யாரும் படிக்கக்கூட முடியாது. அதற்கு டிபிஏவைக் கூப்பிடுங்கள்.

*ஆயிரம் வரிசைக்கும் ஒரே மைக்ரோ நொடி.* போஸ்ட்கிரெஸின் 'நவ்' ஃபங்ஷன் ட்ரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரத்தைத்தான் தரும். ஒரே ட்ரான்ஸாக்ஷனில் நடந்தவை ஒரே நேரம் பெறுவது வடிவமைப்பு. நிஜக் கடிகார நேரம் வேண்டுமென்றால் 'க்ளாக் டைம்ஸ்டாம்ப்' இருக்கிறது. ஆடிட் டேபிளில் எது முதலில் நடந்தது என்று தெரியவேண்டும் என்பதற்காக இதை மாற்றாதீர்கள், அதற்கு ஆடிட் டேபிளில் ஓர் ஐடென்டிட்டி எண் போதும்.

*நொடிக்குக் கீழே எல்லாம் பூஜ்யம்.* மைஎஸ்க்யூஎல்லில் டேட்டைம் வகை, எண் குறிப்பிடாவிட்டால் முழு நொடிகளை மட்டும் வைக்கும். 6 என்று அளவு கொடுத்து உருவாக்குங்கள்.

*டேட்டாபேஸில் சரி, திரையில் பழைய நேரம்.* ட்ரிக்கர் எழுதிய மதிப்பு ஆப்புக்குத் தெரியாது. ஓஆர்எம் (டேபிள் வரிசைகளை ஆப்பின் ஆப்ஜெக்ட்களாக்கும் லைப்ரரி) தன் நினைவில் உள்ள பழைய நேரத்தையே காட்டும். ரிட்டர்னிங் மூலமோ, சேமித்தபின் ரிஃப்ரெஷ் செய்தோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: மாறிய நேரத்தை வைத்து வேறு சிஸ்டத்துக்கு அனுப்புகிறோம், அவ்வப்போது ஒரு வரிசை விடுபடுகிறது

எல்லாக் கோளாறுகளிலும் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ட்ரிக்கர் சரி, நேரம் சரி, அனுப்பும் க்வெரியும் சரி. ஆயிரத்தில் ஒன்று மட்டும் போய்ச் சேராது. சோதித்துப் பார்த்தால் வராது.

நடப்பது இதுதான். 10:00:00-க்கு ஒரு ட்ரான்ஸாக்ஷன் தொடங்கி ஒரு வரிசையை மாற்றுகிறது. நவ் சொன்னபடி மாறிய நேரம் 10:00:00. ஏதோ காரணத்தால் 10:00:40-க்குத்தான் கமிட் ஆகிறது, அதாவது நிலைபெறுகிறது. நடுவில் 10:00:30-க்கு உங்கள் அனுப்பும் வேலை ஓடுகிறது. கமிட் ஆகாத வரிசை அதன் கண்ணில் படாது. கண்ணில் பட்டவற்றில் கடைசி நேரம் 10:00:29 என்று அடையாளம் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை 10:00:29-க்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்கும். 10:00:00 என்று முத்திரை குத்தப்பட்ட அந்த வரிசையை இனி யாரும் கேட்கப்போவதில்லை.

க்ளாக் டைம்ஸ்டாம்புக்கு மாறினால் இடைவெளி குறையும், மறையாது. முத்திரை குத்துவதற்கும் கமிட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு நேரம் இருக்கத்தான் செய்யும்.

செலவில்லாத மருந்து: ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் போய்ப் படியுங்கள். கடைசி அடையாளத்திலிருந்து பத்து நிமிடம் கழித்துக்கொண்டு கேளுங்கள். வாங்கும் பக்கம் ப்ரைமரி கீயை வைத்து, இருந்தால் அப்டேட், இல்லையென்றால் இன்செர்ட் என்று எழுதினால் இரட்டிப்பு வராது. அந்தப் பத்து நிமிடம் உங்கள் மிக நீண்ட ட்ரான்ஸாக்ஷனைவிட அதிகமாக இருக்க வேண்டும். 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில் ட்ரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம் இருக்கும். பரபரப்பான நேரத்தில் சில நாள் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள்.

இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால், ட்ரிக்கரில் நேரத்தோடு ட்ரான்ஸாக்ஷன் எண்ணையும் எழுதலாம். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'பிஜி கரண்ட் எக்ஸாக்ட் ஐடி' அதைத் தரும். அனுப்பும்போது, இன்னும் முடியாத ட்ரான்ஸாக்ஷன்களில் மிகப் பழையதற்கு முந்தைய எண்களை மட்டும் எடுப்பீர்கள். எவை இன்னும் முடியவில்லை என்று காட்டும் ஸ்னாப்ஷாட்டின் எக்ஸ்மின் மதிப்பு அந்த எல்லையைச் சொல்லும். விடுபடுதல் முற்றிலும் நிற்கும்.

டெலீட் ஆன வரிசையை மாறிய நேரம் ஒருபோதும் காட்டாது, அதைச் சொல்ல வரிசையே இல்லையே. நீக்கியவற்றுக்கென ஆடிட் டேபிளைப் படியுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்:* பணக்கணக்கு, கையிருப்பு போன்றவை இப்படிப் போகின்றன என்றால், ட்ரிக்கரை விட்டுவிட்டு டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் 'வால்' என்ற லாகிலிருந்து மாற்றங்களைப் படிக்கும் லாஜிக்கல் டிகோடிங் முறைக்குப் போவது நல்லது. அதைத் தவறாக அமைத்தால், படிக்காத லாக் குவிந்து டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நின்றுவிடும். தெரிந்தவர் இல்லாமல் தொடாதீர்கள்.

அறிகுறி 6: எதுவும் மாறாத வரிசைக்கும் புதிய நேரம்

ஆப் எல்லாப் புலங்களையும் அதே மதிப்போடு திரும்பச் சேமிக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு அது முறையான அப்டேட்தான். ட்ரிக்கரின் வென் பகுதியில், ஓல்டு முழு வரிசையும் நியூ முழு வரிசையும் இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் என்று வையுங்கள். டேபிளில் ஜேசன் வகைப் புலம் இருந்தால் 'சமத்தன்மை ஆபரேட்டர் இல்லை' என்ற பொருளில் எர்ரர் வரும். ஜேசன்பி வகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. மாற்றுவது நல்லது, முடியாவிட்டால் இரு வரிசைகளையும் ஜேசன்பி ஆக்கி ஒப்பிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் 'ஆன் அப்டேட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' என்று புலத்திலேயே சொல்லிவிட்டால் ட்ரிக்கரே வேண்டாம். மற்ற புலங்கள் பழைய மதிப்பிலேயே இருந்தால் நேரத்தையும் அது மாற்றாது. அங்கே இதற்கென ட்ரிக்கர் எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் எடுத்துவிடுகிறேன்.

அறிகுறி 7: எர்ரர் வந்து அப்டேட் நின்றுவிடுகிறது

*ஸ்டாக் டெப்த் லிமிட் எக்ஸீடட்.* ஆஃப்டர் ட்ரிக்கர் தன் டேபிளையே அப்டேட் செய்கிறது, அந்த அப்டேட் மறுபடி அதே ட்ரிக்கரை ஓட்டுகிறது. ஸ்டாக்கின் அளவைக் கூட்டாதீர்கள். பிஃபோர் ட்ரிக்கராக மாற்றி, நியூவில் நேரத்தை எழுதுங்கள்.

*மைஎஸ்க்யூஎல் 1442.* அதே தவறுதான், இங்கே சுற்றுவதற்கு முன்பே தடுத்துவிடுகிறது. அதே மருந்து. எஸ்க்யூலைட்டில் மட்டும் நியூவில் எழுதவே முடியாது, ஆஃப்டர் ட்ரிக்கருக்குள் அப்டேட் செய்வதுதான் வழி. ரிக்கர்சிவ் ட்ரிக்கர்ஸ் இயல்பாக அணைந்திருப்பதால் சுற்றாது. யாரேனும் அதை இயக்கிவிட்டாலும் சுற்றாதபடி ஒரு வென் நிபந்தனை வைத்துவிடுங்கள்.

*மைஎஸ்க்யூஎல் 1449.* ட்ரிக்கரை உருவாக்கிய யூசர் இப்போது இல்லை. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கிய மறுநாளோ, வேறு சர்வருக்கு டம்ப்பை (டேட்டாபேஸின் நகலை) ஏற்றிய பிறகோ வரும். இருக்கும் யூசரை டிஃபைனராக (ட்ரிக்கர் யார் உரிமையில் ஓடுமோ அவராக) வைத்து ட்ரிக்கரைத் திரும்ப உருவாக்குங்கள்.

*நியூ வரிசையில் அந்தப் புலம் இல்லை.* ஒரே ஃபங்ஷனைப் பல டேபிள்களுக்கு மாட்டும்போது, ஒன்றில் மாறிய நேரம் என்ற புலம் இல்லை அல்லது வேறு பெயரில் இருக்கிறது.

*ஆடிட் டேபிளில் அனுமதி இல்லை.* ஃபங்ஷன் அப்டேட் செய்பவரின் உரிமையில் ஓடுகிறது. ஆடிட் டேபிளில் எல்லோருக்கும் இன்செர்ட் உரிமை கொடுத்துவிடுவது சுலபம், ஆனால் பொய்ப் பதிவுக்கும் அதுவே வழி. ஃபங்ஷனை 'செக்யூரிட்டி டிஃபைனர்' ஆக்குங்கள், அதன் உரிமையாளரின் உரிமையில் ஓடும். கூடவே அதன் சர்ச் பாத்தை (டேபிளைத் தேடும் ஸ்கீமாக்களின் பட்டியலை) ஃபங்ஷனிலேயே நிலையாகக் குறிப்பிட்டு, டேபிளின் பெயரை ஸ்கீமாவோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் அதே பெயரில் வைத்த டேபிளுக்கு எழுத்து போய்விடலாம்.

அறிகுறி 8: 'மாற்றியவர்' புலத்தில் எல்லா இடத்திலும் ஒரே பெயர்

ஆப் ஒரே யூசராகத்தான் இணைகிறது, ஆகவே டேட்டாபேஸுக்கு அந்த ஒருவரைத்தான் தெரியும். செக்யூரிட்டி டிஃபைனர் ஆக்கிய பிறகு 'கரண்ட் யூசர்' ஃபங்ஷனின் உரிமையாளரைக் காட்டும், 'செஷன் யூசர்' இணைந்தவரைக் காட்டும். உண்மையான மனிதரின் பெயர் வேண்டுமென்றால், ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனின் தொடக்கத்திலும் ஆப் 'செட் கான்ஃபிக்' வழியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது மதிப்பை ட்ரூ என்று கொடுங்கள், அப்போதுதான் ட்ரான்ஸாக்ஷனோடு அழியும்.

அந்த ட்ரூவை விட்டால் நடப்பது மோசமானது. பிஜிபவுன்ஸர் போன்ற பூலரை (சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் மென்பொருளை) ட்ரான்ஸாக்ஷன் முறையில் வைத்திருந்தால், ஒருவர் விட்டுச்சென்ற பெயர் அதே இணைப்பில் அடுத்து வருபவரின் மாற்றத்தின் மேல் விழும். செய்யாத வேலைக்கு ஒருவர் பதில் சொல்லும் நிலை வரும். பெயர் இல்லாத ஆடிட்டைவிடத் தவறான பெயர் உள்ள ஆடிட் கொடியது.

அப்புறம், ஒருமுறை அமைத்து அழிந்த பின் அதே இணைப்பில் அந்த மதிப்பு நல் ஆக வராமல் வெற்றுச் சரமாக வரும். 'நல்இஃப்' போட்டு அதை நல் ஆக்கி எடுங்கள்.

அறிகுறி 9: ட்ரிக்கர் போட்ட பிறகு எல்லாம் மெதுவாகிவிட்டது

பிகின், எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ், ரோல்பேக் என்ற முறையில் ஓர் அப்டேட்டை அளந்து பாருங்கள். கடைசியில் ஒவ்வொரு ட்ரிக்கரும் எடுத்த நேரமும், எத்தனை முறை ஓடியது என்பதும் வரும்.

ட்ரிக்கரின் நேரம் குறைவு, ஆனாலும் மெதுவென்றால், மாறிய நேரத்தின் மேல் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருக்கிறதா பாருங்கள். இண்டெக்ஸில் உள்ள புலம் ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறினால், போஸ்ட்கிரெஸின் ஹாட் அப்டேட் என்ற மலிவான வழி மூடிவிடும். ஒவ்வோர் இண்டெக்ஸிலும் புதுப் பதிவு எழுத வேண்டியிருக்கும். 'பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ்' பகுதியில் மொத்த அப்டேட்டையும் ஹாட் அப்டேட்டையும் ஒப்பிடுங்கள். அந்த இண்டெக்ஸை யாரும் பயன்படுத்தவில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

ஆடிட் ட்ரிக்கர்தான் நேரத்தைத் தின்கிறது என்றால், ஆடிட் டேபிளில் தேவையில்லாத இண்டெக்ஸ்களைக் குறையுங்கள். ஒரே கட்டளையில் பல வரிசைகளை மாற்றும் அப்டேட்டுகள் அதிகம் என்றால், போஸ்ட்கிரெஸ் 10 முதல் உள்ள ட்ரான்ஸிஷன் டேபிள் (மாறிய வரிசைகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தரும்) வசதியைப் பயன்படுத்தி, வரிசைக்கு ஒருமுறை எழுதுவதை விட்டு, கட்டளைக்கு ஒருமுறை மொத்தமாக எழுதுங்கள். அப்படிப்பட்ட ட்ரிக்கரில் இன்செர்ட், அப்டேட், டெலீட் மூன்றையும் சேர்க்க முடியாது, தனித்தனியாக வைக்க வேண்டும்.

மெதுவோடு டெட்லாக்கும் (ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நிற்பது) வருகிறதா? பொருள் மாறினால் அதன் ஆர்டரின் நேரத்தையும் மாற்று என்று எழுதிய ட்ரிக்கரைத் தேடுங்கள். பலர் ஒரே தாய் வரிசைக்காகக் காத்து நிற்பார்கள். இரண்டு ட்ரான்ஸாக்ஷன்கள் இரண்டு ஆர்டர்களை எதிரெதிர் ஒழுங்கில் தொட்டால் டெட்லாக். தாயின் நேரத்தை எழுதிவைக்காமல், படிக்கும்போது குழந்தைகளின் அதிகபட்ச நேரத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்:* ஆடிட் டேபிள் மூல டேபிளைவிடப் பெரிதாகி, பழையதை டெலீட் செய்வதே பல மணி நேர வேலையாகிவிட்டால். மாத வாரியாகப் பார்ட்டிஷன் செய்து, பழைய மாதத்தை அப்படியே கழற்றிவிடுவதுதான் தீர்வு. ஓடிக்கொண்டிருக்கும் டேபிளை அப்படி மாற்றுவது ஒரு டிபிஏ திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை. அவர் வரும் முன் இவற்றை எடுத்துவையுங்கள்: டேட்டாபேஸின் வெர்ஷன், அந்த டேபிளின் பேக்ஸ்லாஷ் டி வெளியீடு, ட்ரிக்கர் ஃபங்ஷனின் முழு வரிகள், நீங்கள் ஓட்டிய ஒரு நிமிடச் சோதனையின் விடை, கடைசியாகச் சரியாகப் பதிவான வரிசையின் நேரம். அந்தக் கடைசி நேரத்தையும் உங்கள் மைக்ரேஷன்கள் ஓடிய தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல முறை அவர் வருவதற்கு முன்பே விடை அங்கே கிடைத்துவிடும்.